வாகன இலக்கம் கட்டாயம்

1

என் கணவரின் லைசென்ஸை ஒன்ராறியோ அரசாங்கம் திருப்பி எடுத்து நேற்றோடு ஒரு வருடம். இப்படியான விஷயங்களுக்கு ஊரில் ஆண்டு நிறைவு கொண்டாடமாட்டார்கள். நான் கொண்டாடினேன். இறால் குழம்பு வைத்தேன்.

கடிதம் நல்ல மரியாதையாகத்தான் வந்தது. கண்ணில் அழுத்தம் கூடி ஓரப் பார்வை குறைந்துவிட்டது, நேரே இருப்பது தெரியும், பக்கத்திலிருந்து வருவது தெரியாது, ஆகவே இன்ன தேதியிலிருந்து வாகனம் ஓட்டலாகாது என்று எழுதியிருந்தார்கள். கடைசியில் நன்றி வேறு சொல்லியிருந்தார்கள். இவர் இருபத்துநான்கு வருடம் லொறி ஓடியவர். ரொறன்ரோவிலிருந்து வன்கூவர் வரை, பனியிலும் புயலிலும், ஒருவரையும் இடிக்காமல், ஒரு பெட்டிச் சாமானையும் நனையவிடாமல் கொண்டுபோய் இறக்கியவர். கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, மடித்து, காரின் சாவியோடு சேர்த்து மேசை லாச்சிக்குள் வைத்தார். 

லைசென்ஸ் இல்லாவிட்டால் இந்த நாட்டில் நீங்கள் ஆர் என்று நிரூபிப்பதே பெரும்பாடு. வங்கியில் கேட்பார்கள், ஆஸ்பத்திரியில் கேட்பார்கள், பார்சல் எடுக்கப் போனாலும் கேட்பார்கள். அதற்காக அரசாங்கம் வேறொரு அடையாள அட்டை தருகிறது. கிட்டத்தட்ட அதே அளவு, அதே படம். ஓட்டத்தான் முடியாது. அதை எடுக்க இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்றோம். இவர் அந்த அட்டையைப் பேர்ஸின் கடைசி மடிப்புக்குள், பழைய ரசீதுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

2

வாசிக்கிற உங்களுக்கு 'றைட்' என்றால் என்னவென்று சொல்லியாக வேண்டும். இங்கே எங்கள் சனத்துக்குள் கார் இல்லாதவர் கார் உள்ளவரிடம் கேட்பதுதான் றைட். கலியாணமா, செத்தவீடா, பூசையா, விமான நிலையமா, முதலில் வருகிற கேள்வி "உங்களுக்கு றைட் இருக்கோ?" என்பதே. கேட்பவர் ஒரு மாதிரிச் சிரிப்பார். கொடுப்பவர் "அதுக்கென்ன" என்பார். பிறகு கொடுப்பவர் வெளிக்கிடும்போது நீங்களும் வெளிக்கிட வேண்டும். அவர் இருந்து கதைத்தால் நீங்களும் இருக்க வேண்டும்.

இவர் எப்போதும் கொடுக்கிற பக்கம். லொறியால் வந்து இறங்கிய களைப்போடு ஆரையாவது ஏற்றப் போவார். சிலுவைராசா என்று இவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார், கொஞ்சம் தள்ளி வோபர்ன் என்ற இடத்தில். சிறுநீரகம் பழுதாகி அவர் கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த காலத்தில், வீட்டில் நிற்கிற நாளெல்லாம் இவர்தான் ஏற்றி இறக்கினார்.

லைசென்ஸ் போன மாரியில், பனி கொட்டுகிற காலத்தில், சிலுவைராசா செத்துப்போனார். செத்தவீட்டுக்கு நாங்கள் போகவில்லை. மகளிடம் கேட்டால் லீவு போட்டுக்கொண்டு வந்திருப்பாள். பக்கத்து வீதியிலேயே கார் உள்ளவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். இவருக்குக் கேட்க வாய் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார். பஸ்ஸில் போவோம் என்றேன், சேர்ட்டைப் போட்டுப் பொத்தான் பூட்டுகிற வரைக்கும் வந்தார். பிறகு கழற்றிவிட்டார். அவனை ஏற்றி இறக்கினவன் பஸ்ஸில் வந்து இறங்குகிறதை ஊர் பார்க்கட்டுமா என்றார். நான் தனியப் போயிருக்கலாம். இவரை விட்டுப் போக மனம் வரவில்லை. எனக்கு இன்றைக்கும் அது ஆறாத கோபம். இவர் மேலும்தான், என் மேலும்தான்.

அந்த மாரி முழுவதும் இவர் ஸ்காபரோவில் எங்கள் வெக்ஸ்போர்ட் வீட்டின் முன் ஜன்னலடியில் இருந்தார். கண் வைத்தியரிடமும் அந்த அடையாள அட்டைக்கும் மகள் கூட்டிப் போன நாட்களைத் தவிர வாசற்படி தாண்டவில்லை. ஒருநாள் மகள் வாங்கி வந்த சாமானில் பாலை மறந்துவிட்டாள். சொல்லுவோமா என்றேன், வேண்டாம் என்றார். நான் இடுப்புப் பிடிப்போடு கிடந்ததால் கடைக்குப் போகவில்லை. நாலு நாள் வெறும் தேத்தண்ணி குடித்தார். பால் தேத்தண்ணி இல்லாவிட்டால் காலையில் கதைக்கவே மாட்டாத மனிதர்.

இன்னொரு மாரி இப்படிப் போனால் இந்த மனிதர் நாற்காலியோடு ஒட்டிப்போவார் என்று எனக்கு விளங்கியது. அதைத்தான் நான் தடுக்க வெளிக்கிட்டேன். வேறு பெரிய இலட்சியம் ஒன்றும் எனக்கு இல்லை.

3

லொறி ஓடுகிற காலத்தில் இவருக்கு ஒரு ஆசை இருந்தது. மேற்குக் கரையில், வன்கூவர் தீவுப் பக்கம், ஆர்.வி. பார்க் என்று வளவுகள் உண்டு. சில்லுப் பூட்டிய வீடுகளைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்திவிட்டு, மாரி முடியும் வரை வெள்ளைக்காரக் கிழவன் கிழவிகள் அங்கே இருப்பார்கள். அங்கே பனி அவ்வளவு கொட்டாது, மழைதான். ஓய்வு எடுத்ததும் அப்படி ஒரு வண்டி வாங்கி, தானே இழுத்துக்கொண்டு போய், ஒரு மாரி முழுக்க இருக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். லைசென்ஸ் போனதோடு அந்தக் கதையும் நின்றது.

நான் கார் ஓட்டுவதில்லை. மூன்று தரம் பரீட்சைக்குப் போய் மூன்று தரமும் கோட்டை விட்டேன், நாலாம் தரம் போகவில்லை. கனடாவுக்கு வந்த புதிதில் ரொறன்ரோ நடுவே சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் இருந்துகொண்டு நடந்தும் ட்ராமிலும் சுரங்க ரயிலிலும்தான் சீவித்தேன். ஸ்காபரோவுக்கு மாறிய பிறகும் ஆஸ்பத்திரிக் குசினியில் சமைக்கிற வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வந்தேன். ஆகவே இவருக்கு முடிந்துபோனதாகத் தெரிந்த உலகம் எனக்கு என் வழமையான உலகம். தீவில் சில வளவுகளில் ஏற்கெனவே நிறுத்தி வைத்த ட்ரெய்லர் வீடுகளை மாத வாடகைக்குக் கொடுக்கிறார்கள் என்று நூலகத்துக் கணினியில் கண்டுபிடித்தேன். இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. விமானத்தில் போய் இறங்கினால் சரி.

அமெரிக்காவுக்குப் போகலாமே, புளோரிடாவில் வெயில் என்று சிலர் சொன்னார்கள். எத்தனையோ அதிகாரிகள் முன்னால் கடதாசியை நீட்டிக்கொண்டு நின்றாயிற்று. அறுபத்தைந்து வயதில் எல்லையில் புதிதாக ஒருவனுக்கு முன்னால் போய் நிற்கிற எண்ணம் எனக்கில்லை. மழை எங்களுக்குப் புதிதா என்ன.

மகள் ஷாமினிக்குச் சொன்னபோது அவள் கையில் இருந்த கோப்பியை மேசையில் வைத்தாள்.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்? அப்பாக்குக் கண் சரியில்லை, உங்களுக்கு ட்ரைவ் பண்ணத் தெரியாது. நோபடி கோஸ் தெயர் விதவுட் எ கார். அங்க போய் ரெண்டு பேரும் என்ன செய்யப் போறியள்?"

"நடக்கப் போறம்" என்றேன்.

அவள் நல்ல பிள்ளை. அன்பில்தான் சொன்னாள். ஆனால் இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நடப்பது என்பது உடம்பு குறைக்கச் செய்கிற வேலை. ஒரு இடத்துக்குப் போய்ச் சேரவும் நடக்கலாம் என்பது அவர்கள் அறியாதது.

4

வளவு தெரிவுசெய்வது லேசான காரியம் என்று நினைத்தேன். ஒன்பது வளவுகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். கடை எவ்வளவு தூரம் என்று கேட்டால், ஒன்பது பேரும் "ஐந்து நிமிடம்" என்றார்கள். எல்லோருக்கும் எப்படி ஒரே ஐந்து நிமிடம் என்று மூன்றாவது அழைப்பிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. நடந்தால் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். நடந்தா, எங்கேயிருந்து, ஏன் என்று கேட்டார்கள். ஒருத்தி, உங்கள் கார் பழுதா அம்மா என்று உண்மையிலேயே இரக்கப்பட்டாள்.

ஆகவே கேள்விகளை மாற்றினேன். வாசலிலிருந்து கடை வரைக்கும் நடைபாதை உண்டா? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடுமா? உடுப்புத் தோய்க்கிற இயந்திரம் வளவுக்குள்ளேயா? கத்தோலிக்கக் கோயில் எந்தத் தெருவில்? சூட்டுக்கு மின்சாரமா காஸா? இந்தக் கடைசிக் கேள்விதான் ஐந்து வளவுகளை விழுத்தியது. காஸ் சிலிண்டர் முடிந்தால் நாங்களே கொண்டுபோய் நிரப்ப வேண்டுமாம். பஸ்ஸில் சிலிண்டர் ஏற்றவிடமாட்டார்கள். கார் இல்லாதவன் குளிரில் விறைக்க வேண்டியதுதான்.

மிஞ்சியது நாலு. அதில் ஒன்று எனக்கு நன்றாகப் பிடித்தது. வரைபடத்தில் பார்த்தால் வளவும் கடையும் நேருக்கு நேர், கூப்பிடு தூரம். அதையே எடுப்பம் என்று முடிவு கட்டி, மகளின் பழைய மடிக்கணினியில் அந்தத் தெருவின் படங்களைத் திறந்து, ஒவ்வொரு அடியாக அமத்தி அமத்தி நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் ஜன்னலடியை விட்டு அசையாதவர் எழும்பி வந்து எனக்குப் பின்னால் நின்றார்.

"உந்த வளவை விடும்" என்றார். "உந்த றோட்டுக்குக் குறுக்கால போகேலாது. நாலு லேன். சிக்னல் லைற் வாறதுக்கு இன்னும் ரெண்டு கிலோமீற்றர் கிடக்கு. நான் உந்த வழியால எத்தினை தரம் போனனான்."

கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். அன்றைக்குப் பின்னேரம் முழுக்க மிச்ச மூன்று வளவுகளின் வழிகளையும் இவர் எனக்குச் சொல்லித் தந்தார். இந்த இறக்கத்தில் மரம் ஏற்றிய லொறிகள் பிரேக் பிடிக்காமல் வரும், ஓரத்தில் நடந்தால் காற்றே ஆளை இழுக்கும். இந்த வளைவில் மழை நாளில் தண்ணி நிற்கும், கார்க்காரன் உம்மைக் குளிப்பாட்டிப் போட்டுத்தான் போவான். இது நல்ல தெரு, பள்ளிக்கூடம் இருக்கிறபடியால் மெல்லத்தான் வருவார்கள். கிட்டத்தட்ட ஒரு வருடமாக இந்த மனிதர் இவ்வளவு கதைத்ததை நான் கேட்கவில்லை. நான் நடந்து பழகியவள், இவர் ஓடிப் பழகியவர். இரண்டு பேருடைய அறிவும் சேர்ந்ததால்தான் வளவு கிடைத்தது.

பள்ளிக்கூடத் தெருவில் இருந்ததைத் தெரிவுசெய்தோம். வாசலிலிருந்து கடைக்கு எண்ணூறு மீற்றர். ஒரு பக்கம் முழுக்க நடைபாதை. இவருடைய ஓரப் பார்வை கூடுதலாகப் பழுதான இடப்பக்கம் வேலியும், நல்ல பக்கம் தெருவுமாக வரும்படி போகும் வழியைக்கூட இவரே பார்த்து வைத்தார்.

5

இருந்தாலும் எண்ணூறு மீற்றரைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய என் மனம் விடவில்லை. சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்த காலத்தில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஆராவது புது அப்பார்ட்மென்ட் பார்க்கப் போனால், பக்கத்துக் கடையில் ஒரு இருபது இறாத்தல் அரிசிப் பை வாங்கி, அதைத் தூக்கிக்கொண்டு அந்தக் கட்டட வாசலுக்கு நடப்போம். வழியில் இரண்டு தரத்துக்கு மேல் பையை நிலத்தில் வைத்தால் அந்த வீடு வேண்டாம். வாடகை, வெளிச்சம், கரப்பான் பூச்சியெல்லாம் அதற்குப் பிறகுதான். அரிசியும் வீணாகாது.

தீவுக்குப் போய் அரிசி தூக்க முடியாது. ஆகவே எங்கள் வீட்டிலிருந்து லோரன்ஸ் அவெனியூ வழியாக எண்ணூறு மீற்றரில் என்ன கடை இருக்கிறது என்று அளந்தேன். தமிழ்க் கடை ஒன்று சரியாக வந்தது. முன்பு இவர் காரில்தான் அதற்குப் போவார். ஐப்பசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, நல்ல குளிர்காற்று, இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்றவரை, தனிய அரிசி தூக்க எனக்கு இடுப்பு ஏலாது என்று சொல்லி வெளிக்கிடுத்தினேன். அது பொய்யும் இல்லை.

திரும்பி வரும்போது பாதி வழியில் ஒரு கார் எங்களுக்குப் பக்கத்தில் ஊர்ந்தது. கண்ணாடி இறங்கியது. கோயிலில் காண்கிற ஜெயம். பின்னால் நாலு கார் ஹோர்ன் அடிக்கிறதைப் பொருட்படுத்தாமல், "யோசேப்பண்ணை, என்ன இது, அரிசியோட நடக்கிறியள்? ஏறுங்கோ, நான் விடுறன்" என்றார். முகத்தில் அவ்வளவு துக்கம். எங்களுக்கு வீடு பறிபோய்விட்டது என்று நினைத்திருப்பார் போல.

இவர் பையைத் தோளில் மாற்றிப் போட்டார். நான் இவரைப் பார்த்தேன். முந்தி என்றால் இந்த இடத்தில் குனிந்து ஏறியிருப்பார், அல்லது வீட்டை விட்டே வெளிக்கிட்டிருக்கமாட்டார்.

"இல்லை ஜெயம், நாங்கள் அளந்துகொண்டு போறம்" என்றார். "நீர் போம்."

என்ன அளக்கிறோம் என்று அவருக்கு விளங்கவில்லை. நாங்கள் வீட்டை அடையுமுன் செய்தி மகளுக்குப் போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் லோரன்ஸில் அரிசி மூட்டையோடு நிற்கிறார்கள், அப்பா எதையோ அளக்கிறாராம், உடனே போய்ப் பார். அவள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தபோது நாங்கள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தோம். சனத்துக்கு முன்னால் தன்னை வெட்கப்படுத்துகிறோம் என்று அழுதாள். தான் எத்தனை தரம் கேட்டிருக்கிறாள், என்ன வேணுமென்றாலும் சொல்லுங்கோ, நான் கொண்டு வாறன் என்று.

எனக்கும் அழுகை வந்தது, ஆனால் விடவில்லை. நீ கொண்டுவந்து தருவாய் என்று எனக்குத் தெரியும், அப்பாவுக்கு வேண்டியது சாமான் இல்லை, போய் வருகிறது என்று சொன்னேன். அவள் தகப்பனைப் பார்த்தாள். இவர் அரிசியை வாளிக்குள் கொட்டிக்கொண்டிருந்தார். முகம் குளிரில் சிவந்து, நன்றாக இருந்தார். பிறகு, "ஒருக்காத்தான் கீழ வைச்சனான்" என்று எனக்குச் சொன்னார்.

6

கடைசியில் கணினிப் படிவம் வந்து மறித்தது. பெயர், வயது, எத்தனை மாதம், நாய் உண்டா எல்லாம் நிரப்பினேன். வாகன இலக்கம் என்று ஒரு பெட்டி. வெறுமையாக விட்டால் சிவப்பில் 'கட்டாயம்' என்று வந்தது. 'இல்லை' என்று எழுதினால், இலக்கம் வேண்டும் என்றது. தொலைபேசியில் கேட்டேன். அந்த முகாமையாளப் பெண் நல்லவள், ஆனால் அது இல்லாமல் கணினி விடாதாம், எல்லோரிடமும் ஏதோ ஒரு வாகனம் இருக்குமாம், எதையாவது போடச் சொன்னாள்.

"எங்கடயைப் போடும்" என்றார் இவர்.

லைசென்ஸ் போனபின் விற்ற காரின் இலக்கத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். இவர் நாலே நாலு இலக்கம் சொன்னார். எனக்கு உடனே பிடிபட்டது. யாழ்ப்பாணத்தில் இவரிடம் இருந்த சைக்கிளுக்கு நகரசபை கொடுத்த இலக்கத் தகடு.

சண்டைக் காலத்தில் பெற்றோல் வராமல் அடைத்து வைத்த வருடங்களில் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. விறகு, நோயாளி, கலியாணப் பொம்பிளை, சவப்பெட்டி, எல்லாம். றைட் என்ற சொல்லே அப்போது எங்களுக்குத் தெரியாது. ஊரோடு இடம்பெயர்ந்தபோது இரண்டு வயது ஷாமினியை அதன் முன் பாரில் இருத்தி, பின்னால் மூட்டையைக் கட்டி, அந்தச் சனத்துக்குள் மிதிக்க இடமில்லாமல் இவர் உருட்டிக்கொண்டே வந்தார். நான் பக்கத்தில் நடந்தேன். கார் இல்லாமல் சீவிக்கத் தெரியாதவர்கள் என்று எங்களுக்கு ஆராவது சொல்ல வந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

நாலு இலக்கத்தையும் அமத்தினேன். படிவம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

7

இப்போது தீவில் மூன்றாவது கிழமை. இதை எழுதுகிற மேசையை மடித்தால் கட்டில். கூரையில் மழை பெய்கிற சத்தத்தில் சிலவேளை கதைப்பது கேட்காது. கழிவறைக்குள் திரும்ப வேண்டுமென்றால் ஒருவர் வெளியே வர வேண்டும். சொர்க்கம் என்று பொய் சொல்லமாட்டேன்.

வந்த அன்றைக்கு அலுவலகத்தில் மஞ்சள் அட்டை ஒன்று தந்தார்கள். அதில் தடித்த எழுத்தில் அந்த நாலு இலக்கம். வாகனத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் தொங்கவிட வேண்டும், அது வளவின் சட்டம் என்றார்கள். இவர் எதைச் செய்தாலும் வீதிச் சட்டம் மீறாதவர். சாமான் வாங்க இழுத்துப் போகிற இரண்டு சில்லு வண்டி ஒன்றை ரொறன்ரோவிலிருந்தே மடித்துக் கொண்டுவந்திருந்தோம். அதன் கைப்பிடியில் அட்டையை நூலால் கட்டினார்.

முதல் கிழமை முழுக்க என்னோடுதான் போனார். இரண்டாம் கிழமை நான் இரண்டடி பின்னால். நேற்றுக் காலை எனக்குச் சொல்லாமலே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினார். வண்டிச் சில்லு கல்லில் உருளுகிற சத்தம் கேட்டது. எழும்பிப் பார்க்கத்தான் நினைத்தேன், ஆனால் இறாலை உரித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தேன்.

சற்று நேரத்தில் ஷாமினி வீடியோவில் வந்தாள். அங்கே பனி கொட்டுகிறதாம். அப்பா எங்கே என்றாள்.

"கடைக்குப் போயிட்டார்."

"ஆர் கூட்டிக்கொண்டு போனது?"

"ஒருத்தரும் இல்லை. தானாப் போயிட்டார்."

எத்தனை மணிக்கு வருவார் என்று மெல்லக் கேட்டாள்.

"வரேக்க வருவார்" என்றேன்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு வந்தார். தொப்பியால் மழை வடிந்தது. வெங்காயம், பாண், பேப்பர் ஒன்று, நான் கேட்காத தோடம்பழம், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தார். கடைசியில் வண்டியின் அடிக்குள் கைவிட்டுத் தடவினார். பாலை மறந்துவிட்டார்.

சப்பாத்தைக் கழற்றாமல் திரும்பவும் கடைக்குப் போனார்.